இல்லாததைச் சொல்லி ஒரு பெயர்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தலைசுற்றாமல் கடந்து மேலே போனால், சாலையோரக் கடைகளில் ஒரு விநோதப் பொருளைக் குவித்து வைத்திருப்பார்கள். விரலைவிடத் தடிமன், பழுப்பு நிறம், மேலெல்லாம் மொசுமொசுவென்று ரோமம். வெட்டிப் போட்ட ஆட்டுக்கால் போலவே இருக்கும். பெயரும் முடவாட்டுக்கால்தான். ரோமத்தைச் சுரண்டித் துண்டாக்கி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, காகிதக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். சைவக்காரர்களின் ஆட்டுக்கால் சூப்.

“இந்தக் கிழங்குச் செடி எப்பக்கா பூக்கும்?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்ட கேள்விதான்.

“இதுக்கு ஏதுங்க பூவு? பாறையில படரும், மரத்துல படரும். பூவும் கிடையாது, காயும் கிடையாது.”

ஒரே வரியில் தாவரவியல் முடிந்துவிட்டது. முடவாட்டுக்கால் கிழங்கே அல்ல. டிரைனேரியா என்ற பெரணியின் தண்டு அது, ஒட்டிப் படர்கிற தண்டு. பூ இல்லை, காய் இல்லை, ஆகவே விதையும் இல்லை. இப்படிப்பட்டவற்றை எல்லாம் சேர்த்துக் கட்டி ‘விதையில்லாத் தாவரங்கள்’ என்று பாடப்புத்தகம் எழுதி வைத்திருக்கிறது.

எனக்கு அந்தப் பெயரில் ஒரு வழக்கு உண்டு. ஊரில் உள்ளவர்களை ‘மீசை உள்ளவர்கள், மீசை இல்லாதவர்கள்’ என்று பிரித்தால் என்ன ஆகும்? இரண்டாவது கூட்டத்தில் கைக்குழந்தைகள், பெண்கள், காலையில் சவரம் செய்துகொண்ட ஆண்கள் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்பதை அந்தக் கூட்டம் சொல்லாது. ஒன்று இல்லை என்பது உறவுக்குச் சாட்சி ஆகாது.

அன்று ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டில், கசிவுநீர் ஊறிய சுவரின் முன்னால் நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி மூச்சிரைக்க ஏறி வரும்வரை அங்கேயே இருந்தேன். ஒரு முழம் அகலத்துக்குள் நான்கு வகையான பச்சை. கீழே ஈரத்தோடு ஒட்டிக்கிடந்த தட்டையான, கிளைபிரிந்த ஒரு படலம். அதன் மேல் வெல்வெட் துணி போன்ற மெத்தை. பக்கத்தில் செதில் செதிலான இலைகளோடு சரிந்து தொங்கிய ஒரு கொடி. எல்லாவற்றுக்கும் மேலே, சுருள் பிரிந்துகொண்டிருந்த ஒரு பெரணி. நான்குக்கும் விதை கிடையாது. ஆனால் அந்தப் பெரணிக்கு, ஒரு சாண் கீழே இருந்த வெல்வெட் மெத்தையைவிட அடிவாரத்து மாமரம் நெருங்கிய சொந்தம்.

மேலே போவதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த வெல்வெட் மெத்தையை நாம் ‘பாசி’ என்போம். குளத்தில் படர்வதும் பாசி, ஜெல்லி செய்யும் கடல்பாசியும் பாசி, செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் பாசி. குளத்துப் பாசியும் கடல்பாசியும் ஆல்காக்கள். கல்பாசி தாவரமே இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன் அது. சுவரில் வளர்வது மட்டுமே இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பாசி. குழப்பம் வராமல் இருக்க அதை மாஸ் என்றே சொல்கிறேன்.

இந்தச் செடிகளின் உள்விவகாரத்தை முதலில் பிடித்தவர் ஒரு பேராசிரியர் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அப்பாவின் இசைநூல் கடையைக் கவனித்துக்கொண்டிருந்த வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். கல்லூரிப் பக்கம் போனதில்லை. கடுமையான கிட்டப்பார்வை. விடியற்காலையில் எழுந்து, கடை திறக்கும்வரை நுண்ணோக்கியில் மாஸையும் பெரணியையும் அறுத்துப் பார்த்தார். 1851இல், 27 வயதில், அவர் வெளியிட்ட நூல் தாவரவியலையே திருப்பிப் போட்டது. டார்வினின் பெரிய நூல் வர இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. பிற்பாடு ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் இந்தக் கடைக்காரரைப் பேராசிரியராக்கிக்கொண்டது.

அவர் கண்டது இதுதான்: இந்தச் செடிகளுக்கு ஒரு பிறவி அல்ல, இரண்டு. ஒரு தலைமுறை தூசு போன்ற ஸ்போர்களை உண்டாக்கும். ஸ்போர் விழுந்த இடத்தில் முளைப்பது அதே போன்ற செடி அல்ல, வேறொரு உருவம். அந்த உருவம் முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்கும். அவை கூடினால் மறுபடி ஸ்போர் தலைமுறை. தாத்தாவைப் போலப் பேரன், அப்பா மட்டும் வேறு ஜாடை. இனச்செல்களை உண்டாக்குகிற தலைமுறைக்கு உடலெங்கும் ஒரே தொகுதி குரோமோசோம். ஸ்போர் தலைமுறைக்கு இரண்டு தொகுதி. நம்மிடம் ஒற்றைத் தொகுதி இருப்பது முட்டையிலும் விந்தணுவிலும் மட்டும்தான். அவை தனியாகத் தரையில் விழுந்து, வேர்விட்டு, குடித்தனம் நடத்துவதில்லை. இந்தச் செடிகளில் ஒற்றைத் தொகுதித் தலைமுறை குடித்தனம் நடத்துகிறது.

ஆகவே ஒரு விதையில்லாத் தாவரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரண்டு தலைமுறைகளில் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது.

மாஸில் சாவி இனச்செல் தலைமுறையிடம். நாம் காணும் பச்சை மெத்தை முழுவதும் அதுதான். மழைக்காலத்தில் மெத்தையிலிருந்து மயிரிழை போன்ற காம்புகள் எழுந்து, நுனியில் ஒரு குட்டிப் பெட்டகத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பூ அல்ல, அடுத்த தலைமுறை. தாயின் உச்சியிலேயே கருவாகி, அங்கேயே வளர்ந்து, தாயிடமே தண்ணீரும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, ஸ்போர்களை ஊதிவிட்டு அங்கேயே வாடிப்போகும் பிள்ளை. பெட்டகத்தின் மேல் கூம்பாக ஒரு தொப்பி இருக்கும். தொப்பி பிள்ளையுடையது அல்ல, தாயின் திசு. கரு வளர்ந்து மேலே எழும்போது கிழிந்து, தலையோடு போய்விட்ட தாயின் மடித்துண்டு. இளம் பருவத்திலேயே அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டால் பெட்டகம் சரியாக உருவாவதில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

மாஸ் ஏன் குட்டையாகவே இருக்கிறது என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. விந்தணு நீந்திப் போய் முட்டையைச் சேர வேண்டும். பனித்துளியோ மழைத்துளியோ இல்லாமல் அது நடக்காது. உயரத்தில் முட்டையை வைத்தால் யார் நீந்துவது? (2006இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு சுவையான திருத்தம் சொன்னார்கள்: மெத்தைக்குள் ஊரும் வால்துள்ளிப் பூச்சிகளும் உண்ணிகளும் மாஸின் விந்தணுக்களைச் சுமந்து போகின்றன. தேனீக்கு முன்னோடி.) இன்னொரு காரணம் குழாய். மாஸுக்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும். தண்ணீரை மேலேற்றும் லிக்னின் பூசிய கெட்டியான சைலம் குழாயும் கிடையாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்தில் வளரும் டாசோனியா என்ற மாஸ் எளிய நீர்க்கடத்தும் செல்களை வைத்துக்கொண்டு அரை மீட்டர் வரை எழுகிறது. அந்தக் குலத்தின் சாதனை அதுதான்.

சுவரின் அடியில் ஒட்டிக்கிடந்த தட்டையான படலம் ஈரல் செடி, மார்கான்ஷியா வகை. வடிவம் ஈரல் மாதிரி இருக்கிறதே என்று பழைய ஐரோப்பியர் ஈரல் நோய்க்கு மருந்தாகத் தின்றார்கள். அதன் முதுகில் கூர்ந்து பார்த்தால் குட்டிக் கிண்ணங்கள் தெரியும். உள்ளே பச்சை வில்லைகள். ஒரு மழைத்துளி கிண்ணத்தில் நேராக விழுந்தால் வில்லைகள் தெறித்துப் போய்ப் புதுச் செடிகளாகும், கூடலே இல்லாமல். இதுவும் மாஸைப் போல இனச்செல் தலைமுறையின் ஆட்சிதான். வித்தியாசம் பிள்ளையிடம் இருக்கிறது: மாஸின் பெட்டகம் பல நாள் நின்று, வாயைச் சுற்றியுள்ள பற்களைத் திறந்து மூடி, காற்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்போரை விடும். ஈரல் செடியின் பெட்டகமோ கணநேர விருந்தாளி. வெடித்து, சுருள் இழைகள் முறுக்கித் தள்ள, உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு முடிந்துபோகும்.

மூன்றாவது சகோதரி கொம்புச் செடி. படலத்திலிருந்து புல் போன்ற பச்சைக் கொம்பு எழும். அடிப்பகுதி நுனியைவிட இளையது. கீழே வளர்ந்துகொண்டே இருக்க, மேலே வெடித்து ஸ்போர் கொட்டிக்கொண்டே இருக்கும். உலகில் சுமார் 200 இனங்கள்தான், ஆனால் எனக்கு இவைமேல் தனி மரியாதை. தரைத் தாவரங்களிலேயே இவற்றுக்கு மட்டும் பசுங்கணிகத்துக்குள் பைரினாய்டு என்ற உறுப்பு உண்டு, ஆல்காக்களுக்கு இருப்பது போல. கரியமில வாயுவை ஒரே இடத்தில் செறிவாக்கும் பொறி அது. இதை நெற்பயிருக்குள் கொண்டுபோக முடிந்தால் விளைச்சல் கூடுமா என்று பயிர் விஞ்ஞானிகள் இந்தச் சின்னச் செடியை மொய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இலைத்துளை விஷயமும் இங்கே சிக்கலாகிறது. மாஸின் பெட்டகத்திலும் கொம்புச் செடியின் கொம்பிலும் இலைத்துளை உண்டு. ஈரல் செடியில் இல்லை. அதன் முதுகில் இருப்பவை மூடித் திறக்கத் தெரியாத வெறும் ஓட்டைகள். துளையே இல்லாத ஈரல் செடிதான் எல்லாவற்றிலும் பழையது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். அண்மைய மரபணு ஆய்வுகள் மூவரையும் ஒரே தாய் வயிற்றில் வைத்து, ஈரல் செடியிடம் துளை இருந்து தொலைந்துபோயிருக்க வேண்டும் என்கின்றன. மீசை முளைக்காதது வேறு, மழித்துக்கொண்டது வேறு.

இப்போது மூன்றாவது பச்சை, சரிந்து தொங்கிய கொடி. செலாஜினெல்லா. பார்வைக்கு மாஸ் மாதிரியே இருக்கும். ஆங்கிலேயர்கூட இதற்கு மாஸ் என்றே பெயர் வைத்து ஏமாந்தார்கள். ஆனால் உள்ளே குழாய் ஓடுகிறது, வேர் இருக்கிறது, வீட்டுச் சாவி கைமாறிவிட்டது. நாம் காணும் செடி ஸ்போர் தலைமுறை. இவை லைக்கோபைட்டுகள் என்ற தனிக் குலம். இலை ஒவ்வொன்றிலும் கிளைக்காத ஒற்றை நரம்பு மட்டும் ஓடும்.

குழாய் கிடைத்ததும் இந்தக் குலம் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் வெப்பமண்டலச் சதுப்புகளாகக் கிடந்தபோது, லெபிடோடென்ட்ரான் என்ற லைக்கோபைட் 30, 40 மீட்டர் மரமாக நின்றது. அடிமரம் முழுக்க, இலை உதிர்ந்த வடு வைரக்கட்டமாக. பாம்புத்தோல் என்று நினைத்துப் பொருட்காட்சிகளில் காட்டிக் காசு பார்த்தவர்களும் உண்டு. அந்தக் காடுகள் புதைந்ததுதான் இங்கிலாந்தின் நிலக்கரி. நம்மூர் நிலக்கரிக்கு இந்தக் கதையை அப்படியே ஒட்டிச் சொல்வது தவறு. ஜார்க்கண்டின் நிலக்கரி அதற்குப் பிந்திய காலத்தது, குளோசாப்டெரிஸ் என்ற விதைத் தாவரத்தின் சொத்து. நெய்வேலி பழுப்பு நிலக்கரி இன்னும் இளையது, பூக்கும் மரங்களின் காடு.

மரங்கள் போயின, குட்டைகள் தங்கின. அவற்றில் ஒன்றான லைக்கோபோடியத்தின் ஸ்போர் எண்ணெய்ப்பசை மிகுந்த மஞ்சள் தூள். காற்றில் தூவித் தீ காட்டினால் ‘பக்’கென்று பற்றும். புகைப்படக் கலையின் முன்னோடி நீசெஃபோர் நியெப்ஸ், தன் அண்ணனோடு சேர்ந்து 1807இல் இந்தத் தூளையே எரிபொருளாகப் போட்டு ஓர் எஞ்சினை ஓட்டிப் படகைச் செலுத்தினார். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் உலகின் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தபோது, தகட்டின் மேல் தூவிய மையும் இதே தூள்தான். நகல் கடைகளுக்கும் பெரணியின் ஒன்றுவிட்ட உறவுக்கும் இப்படியொரு தொடர்பு.

ஒன்றுவிட்ட உறவு என்று ஏன் சொல்கிறேன்? லைக்கோபைட்டுகளையும் பெரணிகளையும் ‘டெரிடோபைட்டுகள்’ என்று ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுத்தான் நாங்கள் படித்தோம். குழாய் உண்டு, விதை இல்லை, முடிந்தது கதை. 1992இல் லிண்டா ரவ்பெசன், ராபர்ட் ஜான்சன் என்ற இருவர் அந்த மூட்டையை அவிழ்த்தார்கள். பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ வளையம் உண்டு. அதில் சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, என்றைக்கோ ஒருமுறை கழன்று, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. பெரணியில் அது தலைகீழ். சவுக்குப் போன்ற ஈக்விசீட்டத்தில் தலைகீழ். பைனில், நெல்லில், மாமரத்தில் தலைகீழ். மாஸிலும் ஈரல் செடியிலும் பழைய வரிசை. லைக்கோபைட்டில்? பழைய வரிசைதான். பெரணியும் மாமரமும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள்; அந்தப் பாட்டி பிறப்பதற்கு முன்பே லைக்கோபைட் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டது, 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால்.

பெரணியின் வீட்டிலும் சில அடையாளக் குழப்பங்கள் தீர்ந்தன. சைலோட்டம் என்றொரு செடி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கவட்டிலும் பாறைப்பிளவிலும் துடைப்பக்குச்சி போல நிற்கும். வேர் இல்லை, சொல்லிக்கொள்ள இலையும் இல்லை. 1912இல் ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் வில்லியம் மக்கி என்ற மருத்துவர் கண்டெடுத்த கற்களுக்குள், 40 கோடி ஆண்டுப் பழமையான, வேரும் இலையும் இல்லாத குச்சிச் செடிகள் செல் செல்லாகப் பதிந்திருந்தன. ரைனியா என்று பெயரிட்டார்கள். பார்க்கச் சைலோட்டம் அச்சாக அதே ஜாடை. ஆதிச் செடி இன்னும் உயிரோடிருக்கிறது என்று பாடநூல்கள் கொண்டாடின. 2001இல் கேத்லீன் பிரையர் குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டபோது, சைலோட்டம் சாதாரணப் பெரணி வகையறா என்று தெரிந்தது. வேரையும் இலையையும் பின்னால் கைவிட்டுவிட்ட பெரணி. மறுபடியும் சவரம்.

ஈக்விசீட்டமும் அதே குடும்பத்தில் வந்து சேர்ந்தது. தமிழில் இதைக் ‘குதிரைவால்’ என்று மொழிபெயர்ப்பதால், சிறுதானியக் குதிரைவாலியோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது புல், பூத்து, விதைத்து, பொங்கலாகிறது. இது கணுக்கணுவான பொள்ளல் தண்டு. தோலில் மணல்சத்து ஏறியிருப்பதால் ஐரோப்பிய வீடுகளில் இதைக் கொண்டு பாத்திரம் தேய்த்தார்கள்.

பெரணி தன் ஸ்போரை விடுகிற விதத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். முடவாட்டுக்கால் இலையின் பின்பக்கம் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் இருக்கும். இலையில் நோய் என்று நினைத்துக் கிள்ளி எறிபவர்கள் உண்டு. ஒவ்வொரு பொட்டும் ஸ்போர் பைகளின் குவியல். பையின் முதுகில் தடித்த செல்களால் ஆன ஒரு பட்டை. வெயிலில் அந்தச் செல்களின் நீர் ஆவியாக ஆவியாகப் பட்டை பின்னோக்கி வளைந்து, பை வாயைப் பிளந்து, வில் போல நாணேறி நிற்கும். ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீர் இழுவை தாங்காமல் அறுந்து குமிழி விடும். அந்தக் கணமே பட்டை முன்னோக்கித் திரும்பி அடிக்க, ஸ்போர்கள் பறக்கும். கவண் வீசுவது போலத்தான், ஆனால் தசையும் இல்லை நரம்பும் இல்லை, தண்ணீரின் இறுக்கம் மட்டும்.

பறந்து விழுந்த ஸ்போர், விரல்நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சை வில்லையாக வளரும். அதுதான் பெரணியின் மற்றொரு பிறவி. தனியாக நிற்கும், தானே சமைத்துச் சாப்பிடும். முட்டையும் விந்தணுவும் அதன் அடிவயிற்றில். நீலகிரியில் மரப்பெரணி மரம் போல உயர்ந்து நின்றாலும், அதன் வம்சம் தொடர, காட்டுத்தரையில் இந்த வில்லையின் கீழே ஒரு துளி ஈரம் வேண்டும். அந்த விஷயத்தில் அது இன்னும் மாஸின் ஊர்க்காரர்தான்.

மரபணுப் பெட்டியைத் திறந்தால் பெரணிகள் நம்மை வெட்கப்படவைக்கும். 2024இல் அளந்து சொன்னார்கள்: நியூ கலிடோனியாத் தீவில் வளரும், சைலோட்டத்தின் உறவான ஒரு மெசிப்டெரிஸ் செடிக்கு 16,000 கோடி எழுத்து டிஎன்ஏ, மனிதரைப் போல 50 மடங்குக்கும் மேல். இதுவரை அளந்த உயிர்கள் அனைத்திலும் அதிகம். எதற்கு அவ்வளவு என்றால், பெரும்பகுதி ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப எழுதிய காகிதக் குப்பை.

கடைசியாக நம் வயல்வரப்புக்கு இறங்குவோம். ஆரைக்கீரை தெரியும் அல்லவா? தண்ணீரில் நாலு இதழ் விரித்து மிதப்பது. கீரை என்று பறித்துக் கடைந்து சாப்பிடுகிற அது பெரணி. இளந்தளிர் பெரணிச் சுருளாகவே எழும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவினமான நார்டூவை யாண்ட்ருவாந்தா மக்கள் அரைத்து, தண்ணீரில் கழுவிப் பக்குவம் செய்து உண்டார்கள். 1861இல் அந்த வழியாக வந்து சிக்கிக்கொண்ட பர்க், வில்ஸ் என்ற பயணிகள் பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நார்டூவையே தின்று தின்று மெலிந்து செத்தார்கள். அதில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வயிறு நிறைந்தபடியே அவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உடன் வந்த ஜான் கிங் அந்த மக்களோடு போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார்.

ஆரை ஒரே அளவு ஸ்போர்களைச் செய்வதில்லை. பெண்ணுக்குப் பெரிது, ஆணுக்குச் சிறிது. பெரிய ஸ்போருக்குள் உணவுக் கையிருப்பு. முளைக்கும் இனச்செல் தலைமுறை வெளியே வந்து குடித்தனம் நடத்துவதே இல்லை. ஸ்போர் ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து முடிகிறது. சுவரில் பார்த்த செலாஜினெல்லாவும் இதே வழக்கம். அதன் சில இனங்களில் பெண் ஸ்போர் தாய்ச் செடியை விட்டு விழாமலே கருவுறும். அந்தக் கருவைச் சுற்றி ஒரு உறை போர்த்தினால் விதை. போர்த்திக்கொண்டது வேறொரு குலம். செலாஜினெல்லா அந்த வாசற்படியில் 30 கோடி ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது.

அறுவடைக்குப் பின் வயல் காய்ந்து கிடக்கும்போது ஆரையின் அடியில் தேடினால், கருப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கல் போல இறுகிய காய்கள் கிடைக்கும். காய் என்பது பேச்சுக்கு. மடிந்து இறுகிய இலைதான். பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்தாலும் சாவதில்லை. ஒன்றை எடுத்து, சவர பிளேடால் ஓரத்தை லேசாகச் சீவி, ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். காயின் பிளவிலிருந்து கண்ணாடிப் புழு போன்ற ஒரு ஜெல்லிக் கயிறு நெளிந்து வெளியே வந்திருக்கும், காயைப் போலப் பல மடங்கு நீளத்துக்கு. கயிற்றின் இரு பக்கமும் பைகள், பைக்குள் வெள்ளை முத்துகளாகப் பெண் ஸ்போர்களும் தூளாக ஆண் ஸ்போர்களும். இரவு அப்படியே விட்டுவைத்து, காலையில் ஒரு பெண் ஸ்போரை நுண்ணோக்கிக்கு அடியில் வையுங்கள். அதன் தலைமேல் ஜெல்லியில் ஒரு புனல். புனலுக்குள் திருகாணி போல் சுழன்றபடி விந்தணுக்கள், ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு, கீழே இருக்கும் ஒரே ஒரு முட்டையை நோக்கி நீந்திக்கொண்டிருக்கும்.